பொன்னாடையோடு முடிந்துவிடக் கூடாது: பொங்கலில் நம் ஊர் மூத்தோரை மதிப்போம்



தை பிறக்கப் போகிறது. நம் குழுக்கள் எல்லாம் பொங்கல் விழாவுக்குத் தயாராகிக்கொண்டு இருக்கின்றன. கோலப் போட்டி, கும்மி, உறியடி, இசை நாற்காலி என்று பட்டியல் போட்டாகிவிட்டது. சில ஆண்டுகளாகப் பல ஊர்களில் இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஊரில் வயதில் மூத்தவர்களை மேடைக்கு அழைத்து ஒரு பொன்னாடை போர்த்துகிறோம், கைதட்டுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம்.

நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பாட்டி மேடையை விட்டு இறங்கினபிறகு என்ன நடக்கிறது? மறுநாள் ரேஷன் கடையில அவரை யார் முன்னால விடுகிறார்கள்? மாத்திரை வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கா? மகன் பேருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் அம்மாவை நாம் எத்தனை ஊரில் பார்க்கிறோம்? மூத்தோரை மதிப்பது என்றால் என்ன, அதை நம் விழாவில் எப்படிச் செய்யலாம், விழா முடிந்தபிறகு என்ன செய்யணும் என்று இந்த இதழில் பேசுவோம்.

நம் பள்ளத்தாக்கு காட்டும் வழி

முன்னோருக்கு நன்றி சொல்வதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் என்றால் பென்னிகுவிக் பொங்கலும் உண்டு. ஜான் பென்னிகுவிக் பிறந்தது 1841 ஜனவரி 15. பொங்கலை ஒட்டியே அவர் பிறந்தநாளும் வருகிறது. பாலார்பட்டியில் அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைத்துக் கொண்டாடுவது நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்களும் நம் பக்கத்தில் இருக்கின்றன.

அவர் யார் என்று இளைய உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே நம் பக்கம் திருப்பியவர் அந்தப் பொறியாளர். முல்லைப் பெரியாறு அணையின் வேலை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்தது. நடுவில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது. காய்ச்சலும் காலராவும் வந்தன. சொந்தச் சொத்தை விற்று வேலையை முடித்தார் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இன்றைக்கும் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கருக்குப் பாசனம் ஆகிறது. 2013 ஜனவரி 15-ல் லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேறு நாட்டுக்காரர், வேறு மதத்துக்காரர், நம் சாதி சனம் இல்லை. இருந்தாலும் நம் சனங்கள் அவரைக் குடும்பத்துப் பெரியவராக வைத்துக் கும்பிடுகிறார்கள். காரணம், பின்னால் வரப்போகிறவர்களுக்காக ஒன்றைச் செய்து வைத்துவிட்டுப் போனார். மூத்தோருக்கு மரியாதை செய்ய நம் மக்கள் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: நமக்கு எதை விட்டுப் போனார்?

அதே அணைக்குச் சுண்ணாம்பும் கல்லும் சுமந்த கூலித் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். காட்டில் காய்ச்சல் கண்டு அங்கேயே செத்தவர்களும் உண்டு. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. பெயர் தெரிந்த ஒருவருக்கு மண்டபம் இருக்கிறது. பெயர் எழுதி வைக்காதவர்கள் மறந்து போனார்கள். நம் ஊர்ப் பாட்டிமார்களும் அப்படி மறந்து போகக் கூடாது என்பதுதான் நம் கவலை.

கடல் தாண்டியும் இதே பழக்கம்

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் குவான்சா என்று ஒரு விழா கொண்டாடுகிறார்கள். அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் அவர்கள். ஊர், மொழி, பேர் எல்லாம் பறிபோனவர்கள். தங்கள் வேரை மறக்கக் கூடாது என்று 1966-ல் மௌலானா கரெங்கா என்ற பேராசிரியர் இந்த விழாவைத் தொடங்கினார். டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாள். ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் 'முதல் விளைச்சல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் பொங்கல் மாதிரி அறுவடையை நினைத்துச் செய்யும் விழாதான்.

அந்த விழாவில், தொடங்குவதற்கு முன் கூட்டத்தில் மூத்தவரிடம் உத்தரவு கேட்கும் வழக்கம் உண்டு. மூத்தவர் ஒரு கிண்ணத்தில் நீர் எடுத்துக் கொஞ்சம் கீழே ஊற்றி, இறந்துபோன முன்னோர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மற்றவர்களும் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்வார்கள். வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை மக்காச்சோளக் கதிர் வைப்பார்கள். ஏழு நாளுக்கு ஏழு கொள்கை. நாலாவது நாள் கொள்கை என்ன தெரியுமா? கூடிப் பொருளீட்டுவது, ஒருவருக்கொருவர் கைகொடுத்துத் தொழில் செய்வது. நாம் வாரச் சந்தா போட்டுச் செய்கிற அதே வேலை!

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. மூத்தவரைக் கடைசியில் கூப்பிட்டுத் துண்டு போர்த்துவதில்லை. அவரை வைத்துத்தான் விழாவே தொடங்குகிறது.

நம் அக்காமார் ஒருவரின் கதை

மதுரை அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவை உங்களில் பலருக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. அறுப்புக்குப் போகும் கொத்துக்குத் தலைவியாக நின்று கூலி பேசி வாங்கிக் கொடுத்தவர். பிறகு களஞ்சியம் குழுக்களைக் கட்டி எழுப்பினார். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுக்கும்போது அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். நாடே பார்த்தது. 2019-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

அப்பேர்ப்பட்டவர் வீடு இல்லாத கஷ்டத்தைப் பல ஆண்டு கழித்தும் பேட்டியில் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகு 2024-ல்தான் தமிழக அரசு அவருக்கு வீடு அறிவித்தது. காலைத் தொட்டு வணங்கியதும் பெரிய மரியாதைதான். ஆனால் மரியாதை ஒரு கை என்றால் பாதுகாப்பு இன்னொரு கை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் கும்பிட முடியும்.

யாரை அழைப்பது?

விழாவுக்கு மூத்தோரைத் தேர்ந்தெடுக்கும்போது வழக்கமாக ஊர்ப் பெரியதனக்காரர், பழைய தலைவர், வசதியானவர் என்று போய்விடுகிறது. அவர்களையும் அழைக்கலாம், தப்பில்லை. ஆனால் கீழே சொல்கிறவர்களை விட்டுவிடாதீர்கள்.

1. குழுவைத் தொடங்கி வைத்தவர்கள். மகளிர் திட்டத்தில் 18 முதல் 60 வயது வரை என்றுதான் உறுப்பினர்களைச் சேர்த்தோம். 1998-ல் 35 வயதில் சேர்ந்தவர் 2023-லேயே 60-ஐத் தொட்டுவிட்டார். பேங்குக்குப் போகவே பயந்த காலத்தில் முன்னால் நடந்து போனவர்கள் இவர்கள். இன்றைக்குச் சில குழுக்களில், "உங்களுக்கு வயசாயிருச்சு, கணக்கை முடிச்சிக்குங்க" என்று சேமிப்பைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒரு நன்றி கூட இல்லை.

2. ஊருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள், வைத்தியம் தெரிந்தவர்கள்.

3. ஏலத்தோட்டத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் ஆயுசு முழுக்க வேலைக்குப் போனவர்கள். விடியக் கருக்கலில் ஜீப் ஏறி மலைக்குப் போய், இருட்டினபிறகு திரும்பி, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். முதுகும் முழங்காலும் போனபிறகு கூப்பிட ஆள் இல்லாமல் இருப்பவர்களும் இவர்களே.

4. பிள்ளை இல்லாதவர்கள், தனியாக இருப்பவர்கள், மாற்றுத்திறனாளி முதியோர்.

5. தூய்மைப் பணி செய்து ஓய்ந்தவர்கள். எல்லாச் சாதி மூத்தோருக்கும் ஒரே வரிசை நாற்காலி, ஒரே டம்ளர், ஒரே பந்தி. இதில் சமாதானமே கூடாது.

கணவரை இழந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பானைக்குப் பால் ஊற்ற, குத்துவிளக்கு ஏற்ற சுமங்கலிகளை மட்டும் கூப்பிடும் பழக்கம் நம் குழு விழாக்களிலும் இருக்கிறது. நம் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வயது கூட, பெண்ணுக்குக் குறைவு. பெண்கள் ஆயுளும் கொஞ்சம் அதிகம். அப்படியென்றால் வயதான பெண்களில் நிறையப் பேர் கணவரை இழந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு 'மூத்தோருக்கு மரியாதை' என்று பேனர் கட்டினால் அது யாருக்கு மரியாதை? அவர்களே தயங்குவார்கள். "நான் எதுக்கு ஆத்தா, நீங்க செய்யிங்க" என்று ஒதுங்குவார்கள். நாம்தான் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும். ஒரே ஒரு விதி வைத்துக்கொள்வோம்: முதல் கைப்பிடி அரிசியைப் பானையில் போடுவது கூட்டத்தில் வயதில் மூத்த பெண். அவர் நெற்றியில் பொட்டு இருக்கா இல்லையா என்று பார்க்க மாட்டோம்.

விழாவை எப்படி நடத்தலாம்?

பெரிய செலவு தேவையில்லை. ஒரு ஊராட்சியில் 15 குழு, குழுவுக்கு 12 பேர் என்றால் 180 உறுப்பினர். ஆளுக்கு 20 ரூபாய் போட்டால் 3,600 ரூபாய். அரிசி, வெல்லம் வீட்டுக்கு வீடு கொண்டு வந்துவிடலாம்.

• நாள்: காணும் பொங்கல் பொருத்தமான நாள். பெரியவர்களைப் போய்ப் பார்த்து ஆசி வாங்கும் வழக்கம் அன்றைக்கு ஏற்கெனவே இருக்கிறது.

• அழைப்பு: தண்டோராவோ வாட்ஸ்அப் செய்தியோ போதாது. ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் நேரில் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். வீட்டு மருமகள் முன்னால் அழையுங்கள். அந்த வீட்டுக்குள் அவர் மதிப்பு அன்றைக்கே ஒரு படி ஏறும்.

• நேரம்: காலை 10 மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பசி தாங்க மாட்டார்கள். சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

• இடம்: நிழல், சாய்மானம் உள்ள நாற்காலி, பக்கத்தில் கழிப்பறை, குடிதண்ணீர். நடக்க முடியாதவர்களை அழைத்து வர ஒரு ஆட்டோ.

• சாப்பாடு: சர்க்கரைப் பொங்கலோடு வெண்பொங்கலும் வையுங்கள். குழைந்த சாதம், காரம் குறைந்த குழம்பு. இளைய உறுப்பினர்கள் பரிமாறட்டும்.

• பரிசு: பொன்னாடை பெட்டிக்குள் போய்விடும். தை மாதக் குளிருக்கு ஒரு போர்வை, ஊன்றிக்கொள்ள ஒரு கைத்தடி, ஒரு டார்ச் லைட் கொடுத்தால் தினமும் உதவும்.

• பேச்சு: மைக்கை மூத்தோரிடம் கொடுங்கள். தலைவர்கள் பேச்சு மொத்தமே பத்து நிமிடம். குழுவில் இருந்து இறந்துபோன உறுப்பினர்களின் பெயரையும் சத்தமாகப் படியுங்கள்.

அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்

பேசச் சொன்னால், "எனக்கு என்னத்தா தெரியும்" என்பார்கள். அதனால் கேள்வியோடு போங்கள். படித்த பேத்தி ஒருவரை உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்தாலும் சரி, அவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

• நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த நிலத்தில் என்ன விளைஞ்சது? விதையை எப்படிப் பாதுகாத்தீங்க?
• ஆத்துல தண்ணி வராத வருசம் எப்படிச் சமாளிச்சீங்க?
• முதல் கூலி எவ்வளவு? ஆணுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?
• குழு ஆரம்பிக்கும்போது வீட்டுல என்ன சொன்னாங்க? முதல் கடன் எதுக்கு வாங்கினீங்க?
• உங்க பேத்திமாருக்குச் சொல்ல ஆசைப்படுறது என்ன?

இந்த நோட்டு நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் தீர்மானப் புத்தகத்தோடு இருக்கட்டும். நாளைக்குப் பெயர் தெரியாதவர்களாக அவர்கள் போகாமல் இருக்க இது ஒரு வழி.

விழா முடிந்தபிறகு செய்ய வேண்டியவை

விழாவன்றே ஒரு மேசை போட்டு, வந்திருக்கும் ஒவ்வொரு மூத்தவரிடமும் ஐந்து விவரம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆதார், ரேஷன் அட்டை, ஓய்வூதியம், மாத்திரை, யாரோடு இருக்கிறார். பிறகு ஒவ்வொன்றாக வேலையைத் தொடங்கலாம்.

முதியோர் ஓய்வூதியம். ஆதரவில்லாத 60 வயது கடந்தவர்களுக்கானது. தமிழகத்தில் இத்தொகை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இதைப் பார்க்கிறார். பணம் வந்தால் அது அவர் கையில் போய்ச் சேருகிறதா என்றும் பாருங்கள். பேங்க் கார்டு பேரன் பையில் இருக்கக் கூடாது.

பராமரிப்புச் சட்டம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. சோறு போடாத பிள்ளைகள் மேல் பெற்றோர் மனுக் கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்துக்கு வாரிசாக வரப்போகும் உறவினர் மேல் கொடுக்கலாம். கோட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள தீர்ப்பாயம் விசாரிக்கும். கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கத்தவர்களுக்கு உத்தமபாளையம்; பெரியகுளம் பக்கத்தவர்களுக்குப் பெரியகுளம். வக்கீல் இல்லாமலே மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிட முடியும். வயதானவரைக் கைவிட்டு விட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

சொத்து எழுதிக் கொடுப்பது. இதுதான் நம் அம்மாமார் அதிகம் ஏமாறும் இடம். "எழுதிக் குடுத்துரும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னதும் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எழுதினாலும், 'கடைசி வரை உணவு, உடை, இருப்பிடம், வைத்தியம் தர வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து, வாங்கினவர் கவனிக்காமல் விட்டால், 2007 சட்டத்தின் 23-வது பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. பத்திர ஆபீசுக்குப் போகும் முன் குழுவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று எல்லா மூத்தோரிடமும் சொல்லி வையுங்கள்.

உதவி எண். மூத்தோருக்கான கட்டணமில்லாத தொலைபேசி எண் 14567. அடி, திட்டு, பட்டினி, தனிமை எதுவானாலும் கூப்பிடலாம். போர்வையோடு சேர்த்து இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

முதியோர் குழு. 60 ஆகிவிட்டது என்று வெளியே அனுப்புவதோடு விட வேண்டாம். ஊரக வாழ்வாதார இயக்கத்தில் முதியோருக்கென்று தனியாகச் சுய உதவிக் குழு அமைக்க வழி இருக்கிறது. சாதாரணக் குழுவுக்குக் குறைந்தது 10 பேர் வேண்டும். முதியோர் குழுவுக்கு 5 பேர் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை கூடிப் பேசுவதே பாதி மருந்து. கோழி, ஆடு வளர்க்க முடிந்தவர்கள் சின்னக் கடனும் வாங்கிக்கொள்ளலாம்.

விபத்துக் காப்பீடு. மலைக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 70 வயது வரை சேரலாம். 2022 ஜூன் முதல் ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். பேங்கில் சேமிப்புக் கணக்கு இருந்தால் போதும்.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

மேடையில் ஊர்ப் பாட்டிக்குப் போர்வை கொடுத்துவிட்டு, வீட்டில் மாமியாருக்குப் பழைய சோறு வைத்தால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதே சமயம், வயதானவர்களைக் கவனிக்கும் சுமை முழுவதும் மருமகள் தலையிலேயே விழுகிறது என்பதும் உண்மை. காட்டு வேலை, வீட்டு வேலை, குழு வேலையோடு படுக்கையில் கிடக்கும் மாமியாரையும் பார்க்கும் சகோதரிகள் நம் குழுக்களில் நிறைய. மகனும் பேரனும் மாத்திரை எடுத்துக் கொடுக்கலாம், குளிக்கத் தண்ணீர் வைக்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம். பெற்றவர்களைப் பார்ப்பது ஆண்களுக்கும் உள்ள கடமை என்று விழாவில் மைக் பிடித்தே சொல்லுங்கள். நாமும் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் 60 வயது கடந்தவர்கள், கடக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன ஏற்பாடு?
2. நம் தெருவில் தனியாக இருக்கும் மூத்தவர்கள் யார் யார்? வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க எந்த உறுப்பினர் பொறுப்பு?
3. ஓய்வூதியம் வராதவர்கள் யார்? யார் கூட்டிக்கொண்டு போவது, எந்தத் தேதிக்குள்?
4. இந்தப் பொங்கலுக்கு முதல் கைப்பிடி அரிசி போடப்போவது யார்?
5. அவர்கள் கதையை எழுதப் போகும் பெண் யார்?

பேசினதைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மாசிக் கூட்டத்தில் எத்தனை வேலை முடிந்தது என்று படித்துப் பாருங்கள். நீங்கள் எழுதி வைக்கும் பாட்டிமார் கதைகளைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். சம்மதம் சொன்னவர்களின் கதைகளை அடுத்தடுத்த இதழ்களில் போடுவோம்.

எல்லோருக்கும் இனிய தைப்பொங்கல் வாழ்த்துகள். பொங்கலோ பொங்கல்!